ரத்தவாளுக்கு வைத்தியம் ஏறாது

ஜன்னல் சீட்டை நீயே வெச்சுக்கம்மா. எனக்கு வெளிய பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல. ஒரே ஒரு உதவி மட்டும் செய்யி. காதுல மாட்டியிருக்கியே, அதைக் கழட்டிட்டு நான் பேசறதைக் கொஞ்சம் கேளு. கேட்டுட்டு, புரியுதா புரியலையான்னு மட்டும் சொல்லு. மெட்ராஸ்ல ஒரு கூட்டத்துல பேசப் போறேன். எனக்கு மைக்குப் பிடிச்சுப் பழக்கமில்ல. வீட்ல பேசிப் பாக்கலாம்னா எங்க வீட்டுக்காரரு டிவி சத்தத்தை ஏத்தி வெச்சுடறாரு.

என்ன கூட்டமா? சொல்றேன், சிரிக்கக் கூடாது. கேமு. ஏழுகோட்டைன்னு ஒரு கேமு, நெட்டுல எல்லாரும் சேந்து விளையாடறது. அதைச் செஞ்ச கம்பெனிக்காரங்க இன்னிக்குச் சாயங்காலம் கிண்டியில ஒரு ஹாலு எடுத்து, விளையாடறவங்களை எல்லாம் வரச் சொல்லியிருக்காங்க. அதை வடிவமைச்சவங்களே மேடையில உக்காந்து பதில் சொல்லுவாங்களாம். அவங்களை நான் ஒரு கேள்வி கேக்கணும். கேள்வின்னா கேள்வி இல்ல. கால்ல விழணும்னாலும் விழுந்துடுவேன். எனக்கு இப்ப மானம் ரோஷம் எல்லாம் போயிடுச்சு.

பாத்தியா, சிரிக்கறே. பரவால்ல, எல்லாரும் சிரிக்கறாங்க. பொன்மலையில எங்க தெருவே சிரிக்குது. நாகரத்தினம் அக்கா இந்த வயசுல டேப்பை வெச்சுக்கிட்டு வீடியோ கேம் ஆடுதாம்னு. ஆடுறேன். ஆடாம என்ன பண்றது? எம் பிள்ளை அதுக்குள்ளதானே இருக்கான்.

தினகர்னு பேரு. ஒரே பிள்ளை. போலந்துல இருக்கான், கிராக்கோவ்னு ஒரு ஊரு. போன புதுசுல தினமும் போன் பண்ணுவான். அப்புறம் ஞாயித்துக்கிழமை. அப்புறம் ஞாயித்துக்கிழமையும் "அம்மா வேலையா இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்". அந்த அப்புறம் வரவே வராது. ஆனா வேலை முடிஞ்சு வந்து ராத்திரி பூரா இந்தக் கேமை ஆடறான்னு எனக்குத் தெரியும். லீவுல வந்தப்பவே பாத்தேன். என்கிட்ட ரெண்டு வார்த்தை பேசாதவன் அதுல யார் யார்கிட்டயோ மணிக்கணக்கா பேசறான், சிரிக்கறான்.

ஒருநாள் போன்ல அவனா புலம்பினான். "ஹீலர் கிடைக்கவே மாட்டேங்குதும்மா, எல்லாரும் வெட்டணும்னே நிக்கறானுங்க, வைத்தியம் பாக்க ஒருத்தனும் வர மாட்டேங்கறான்"னு. சும்மா சொன்னான். ஆனா எனக்கு அது எப்படிக் கேட்டுச்சு தெரியுமா? எம் பிள்ளைக்கு வைத்தியம் பாக்க ஆளில்லன்னு கேட்டுச்சு.

மறுநாளே போயிட்டேன் கம்ப்யூட்டர் கடைக்கு. அவன் வாங்கிக் குடுத்த டேப்புலயே ஏத்திக் குடுத்தாங்க. பேரு வைக்கணும்னாங்க. பொன்மலைத்தாய்னு வெச்சேன். அவன் கூட ஆடணும்னா அவன் லெவலுக்கு நான் வரணுமாம். அதுக்குக் காட்டுல போயி ஓநாய் அடிக்கணும். ஹீலர் கையில ஒரு குச்சிதான் இருக்கும்மா, அதை வெச்சு எந்த ஓநாய் சாகும்? அடிப்பேன், ஓடுவேன், செத்துப்போவேன், மறுபடி எழுந்திருப்பேன். சமையலை முடிச்சுட்டு ஓநாய், துணி துவைச்சுட்டு ஓநாய். இப்படியே மழைக்காலம் முழுக்க அடிச்சு அவன் ஆடற கூட்டத்துல போய்ச் சேந்தேன்.

சேந்த அன்னிக்கு மைக்கைப் போட்டு, "தினா, அம்மாடா"ன்னேன். சந்தோஷத்துல வாயடைச்சுப் போயிட்டான்.

விளையாட்டு எப்படின்னு சொல்லிடறேன், இல்லன்னா உனக்கு என் கேள்வி புரியாது. அஞ்சு பேரா ஒரு கோட்டைக்குள்ள போகணும். உள்ள ஒரு பெரிய அரக்கன் இருப்பான். கேடயக்காரன்னு ஒருத்தன் முன்ன நின்னு அடியெல்லாம் வாங்கணும். எங்க கூட்டத்துக் கேடயக்காரன் குணசீலன்னு ஒரு தம்பி, மலேசியாவுல ஈப்போ. தங்கமான பிள்ளை. வில்லு விடறவ சுபிக்‌ஷான்னு ஒரு பொண்ணு, கோயம்புத்தூரு. மந்திரக்காரன் வாராவாரம் மாறுவான், அவனை விடு. எம் பிள்ளை வாள்வீரன். நான் எல்லாருக்கும் பின்னாடி நின்னு, யாருக்கு உசுரு குறையுதோ அவங்களுக்கு ஏத்திவிடணும். ஒவ்வொருத்தன் தலைக்கு மேலயும் ஒரு பச்சைக் கோடு இருக்கும். அதுதான் உசுரு. அது குறையக் குறைய நான் பட்டனை அமுக்கினா மேல ஏறும். அமுக்கிட்டு மூணு செகண்டு நான் அசையக் கூடாது. என்னையே எவனாவது வெட்ட வந்தாலும் அசையக் கூடாது. அசைஞ்சா வைத்தியம் வீணாப் போயிடும்.

இதுதான்மா வடிவமைப்புங்கறது. இதைச் செஞ்சவன் விவரம் தெரிஞ்சவன். அதை நான் மேடையிலயே சொல்லுவேன், குறை மட்டும் சொல்ல வரலைன்னு. ஒருத்தனுக்கு ஒருத்தன் வேணும்னு ஆக்கி வெச்சிருந்தான் பாரு. எம் பிள்ளை எவ்வளவு பெரிய சூரனா இருந்தாலும் பின்னாடி நான் நிக்காம அந்தக் கோட்டைக்குள்ள காலை வைக்க முடியாது. "அம்மா, ஹீல்! அம்மா, ஹீல்!"னு கத்துவான். பெத்தவளுக்கு அதுக்கு மேல என்ன வேணும்? அந்தக் கோடு சரசரன்னு பச்சையா ஏறும்போது எனக்கு வயிறு நிறைஞ்சுடும்.

குணசீலன் தம்பி சில நேரம், "அம்மா, எனக்கும் கொஞ்சம் போடுங்களேன், முன்னால நான்தான் அடி வாங்கறேன்"னு கேக்கும். போடுவேன். தினாவுக்குப் போட்டது போக மிச்சம் இருந்தா போடுவேன். பெத்த பிள்ளை பந்தியில உக்காந்திருக்கும்போது எவளாவது அடுத்த இலைக்கு முதல்ல பரிமாறுவாளா? கேடயக்காரன் செத்தா மொத்தக் கூட்டமும் சாகும்னு சொல்லுவாங்க. சாகட்டுமே, மறுபடி எழுந்திருக்கப் போறோம். அதுக்குப் போய் எல்லாரும் உம்முன்னு ஆயிடுவாங்க.

நடுவுல நாலு வார்த்தை வீட்டுப் பேச்சும் பேசுவேன். சாப்பிட்டியா, என்ன சாப்பிட்டே, மூக்கடைச்ச மாதிரி பேசறியே, தலைக்குக் குளிச்சியா. வேற எப்ப கேக்கறது? போன் எடுக்கறதே இல்ல. இங்கதான் ஓட முடியாம நிப்பான், அரக்கன் முன்னாடி. ஒருநாள் நல்லா வாகா அமைஞ்சுது, அரக்கன் பாதி உசுருக்கு வந்துட்டான். நான் அந்த சுபிக்‌ஷாப் பொண்ணுகிட்ட, "ஏம்மா, நீங்க என்ன ஆளுங்க? உன் நட்சத்திரம் என்ன? எங்க தினாவுக்கு அனுஷம்"னேன். தப்பா கேட்டேனா? அந்தப் பொண்ணு குரல் நல்லா இருக்கும், எம் பிள்ளையும் அது பேசினா சிரிப்பான். எனக்குக் கண்ணு இல்லையா? கேட்டதுதான் தாமதம், வில்லு நின்னுடுச்சு, வாளு நின்னுடுச்சு. அரக்கன் எல்லாரையும் மிதிச்சுப் போட்டுட்டான். அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் வரலை. பரீட்சை ஏதாவது இருந்திருக்கும்.

நடுவுல தினா வேற கூட்டத்துல போய்ச் சேந்தான். சொல்லாம போயிட்டான், மறதி. நான் தேடிக் கண்டுபிடிச்சு அங்கயும் போய்ச் சேந்துட்டேன். குணசீலனையும் கூட்டிக்கிட்டுத்தான் போனேன்.

இப்படிப் போயிக்கிட்டிருந்த நேரத்துலதான்மா அந்தப் பாழாப்போன அப்டேட்டு வந்துது.

வாள்வீரனுக்குப் புதுசா ஒரு பிரிவு விட்டாங்க. நீ பிளஸ் ஒன்ல பர்ஸ்ட் குரூப்பா, செகண்ட் குரூப்பா? அது மாதிரின்னு வெச்சுக்க. வாள்வீரன் ஒரு லெவலுக்கு வந்ததும் ஒரு பிரிவு எடுத்தாகணும். முன்ன ரெண்டுதான் இருந்துது. எம் பிள்ளை அந்த லெவலுக்கு வர்ற நேரத்துல மூணாவதா இதை விட்டாங்க. ரத்தவாள்னு பேரு. பேரைப் பாரு. அதை எடுத்தா, வெட்டற ஒவ்வொரு வெட்டுக்கும் அவன் உசுரு அவனே ஏத்திக்குவான். எதிரி ரத்தம் இவனுக்கு மருந்து. சரி, அதோட விட்டுத் தொலைச்சிருக்கலாம்ல? அடுத்தவங்க பண்ற வைத்தியம் அவனுக்கு ஏறாது. ஏறவே ஏறாது. நான் அமுக்கினா அவன் தலைக்கு மேல சிவப்பு எழுத்துல வரும், "ஏற்கவில்லை"ன்னு.

எம் பிள்ளை அதை எடுத்துட்டான்.

தெரியாம அமுக்கிட்டான்மா. நான் போன் பண்ணினேன், எடுத்தான். அதிசயமா அன்னிக்கு எடுத்தான். "ஏண்டா இப்படி ஒண்ணை எடுத்தே, மாத்திக்கடா"ன்னேன். "ஒரு தடவை எடுத்தா மாத்த முடியாதும்மா, அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்காங்க"ன்னான். அவன் குரல்ல எவ்வளவு வருத்தம் தெரியுமா? ரொம்ப மெதுவாப் பேசினான். நான்தான் தேத்தினேன், "கவலைப்படாதடா, அம்மா பாத்துக்கறேன்"னு.

அப்ப சொல்லு, இதுதான் என் மொத கேள்வி. தெரியாம ஒண்ணை எடுத்தவனுக்குத் திரும்பி வர ஒரு வழி வேண்டாமா? பிளஸ் ஒன்ல தப்பான குரூப் எடுத்தாக்கூட ஹெட்மாஸ்டரைப் பாத்து அழுதா மாத்திக் குடுப்பாங்க. ஒரு விளையாட்டுல குடுக்கக் கூடாதா? எந்த ஊரு நியாயம் இது? ஒரு பிள்ளை ஏதோ நினைப்புல விரலை வெச்சுட்டான், அதுக்காக ஆயுசுக்கும் அவனை ஒத்தையில விட்டுடறதா?

இன்னொண்ணும் கேப்பேன். அவனே அவன் உசுரை ஏத்திக்கறான், சரி. அப்படின்னா நான் போடற வைத்தியம் மிஞ்சித்தானே போகும்? மிஞ்சினா யாருக்கு நஷ்டம்? வயிறு நிறைஞ்சவனுக்கு இன்னும் ஒரு கரண்டி வெச்சா அது இலையில கிடக்கப் போகுது. இலையையே மூடி வெக்கணுமா? அதை மட்டும் ஏன் தடுத்தாங்க? கணக்குப் போட்டுப் பாத்தா அந்தத் தடைக்கு ஒரு காரணமும் கிடையாது. வேணும்னே வெச்சிருக்காங்க. தடுத்ததும் இல்லாம "ஏற்கவில்லை"ன்னு எழுதிக் காட்டறாங்க பாரு. சும்மா ஒண்ணும் ஆகாம விட்டிருந்தாக்கூட நான் நெட்டு சரியில்லன்னு நினைச்சுட்டுப் போயிருப்பேன். கூட்டத்துல நாலு பேர் பாக்க, சிவப்புல, அவ்வளவு பெரிசா.

முக்கியமான குறை இன்னும் சொல்லலை. வெட்டினாத்தான் உசுரு ஏறும். வெட்டறதை நிறுத்தினா சாவுதான். ஒரு நிமிஷம் மூச்சு வாங்க நிக்க முடியாது. இது ஒரு பிழைப்பா? முன்ன எல்லாம் அடிபட்டா என் பின்னாடி வந்து நிப்பான், நான் ஏத்திவிடுவேன், மறுபடி போவான். இப்ப வெட்டிக்கிட்டே இருக்கான். அவன் வேலையும் அப்படித்தான் இருக்குதுங்கறான். காலையில உக்காந்தா எழுந்திருக்க நேரமில்லையாம். அங்கயும் நிக்க முடியாது, இங்கயும் நிக்க முடியாதுன்னா எம் பிள்ளை எங்கதான்மா போய் உக்காருவான்? நல்லா வடிவமைச்ச விளையாட்டுன்னா மனுஷனுக்கு ஒதுங்க ஒரு இடம் வேணும். இதை நான் மைக்குல சொல்லும்போது அழாம சொல்லணும், அதுதான் பயமா இருக்கு.

தண்ணி வேண்டாம்மா, இருக்கு என்கிட்ட.

குணசீலன் தம்பிகிட்ட இதெல்லாம் சொன்னேன். அது கம்பெனிக்காரங்க பக்கம் பேசுது! "அம்மா, சில கூட்டத்துல ஹீலருங்க ரொம்பப் படுத்தறாங்கம்மா. கோவிச்சுக்கிட்டு வைத்தியம் பண்ண மாட்டேன்னு நின்னா, மத்தவங்க ஒண்ணுமே செய்ய முடியல. அப்படி மாட்டிக்கிட்டவங்களுக்காகத்தான் இந்த ரத்தவாளைக் கொண்டுவந்தாங்க"ன்னுது. அப்படிப்பட்ட ஹீலரும் இருப்பாங்க போல. எந்தக் கூட்டத்துலன்னு கேட்டேன், சொல்லலை.

நான் ஒரே ஒரு தடவை நின்னிருக்கேன், இல்லன்னு சொல்லலை. தீபாவளி அன்னிக்கு. காலையில எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டு போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன், கூப்பிடவே இல்ல. சாயங்காலம் கேமுல வந்து நிக்கறான், "அம்மா, ஹீல்"னு. "மொதல்ல ஹேப்பி தீபாவளி சொல்லு, அப்புறம் உங்கப்பாகிட்ட பேசு, அப்புறம் போடறேன்"னு கையைக் கட்டிக்கிட்டு நின்னுட்டேன். செத்தான். எழுந்து வந்தான், மறுபடி செத்தான். கூட்டமே கெஞ்சுது. கடைசியில சொன்னான், "ஹேப்பி தீபாவளிம்மா"ன்னு. சொன்னதும் அள்ளி அள்ளி ஊத்தினேன். அது படுத்தறதா? அது உரிமை. அதையும் இதையும் ஒண்ணாச் சேக்க முடியுமா?

எங்க வீட்டுக்காரரும் இதே பாட்டுத்தான். "அவன் ஒண்ணும் சின்னப் பிள்ளை இல்ல, விடுடி அவனை." எப்படி விடறது? அவருக்கு என்ன, ரயில்வே ஒர்க்ஷாப்ல இருந்து ரிட்டயர் ஆனாரு, பேப்பரைப் படிக்கறாரு, தூங்கறாரு. எனக்கு ரிட்டயர்மென்ட் யாரு குடுத்தா?

பிரிவு எடுத்த பிறகும் கொஞ்ச நாள் வந்தான். நான் பின்னாடி நின்னு அமுக்கிக்கிட்டே இருப்பேன். ஏற்கவில்லை. ஏற்கவில்லை. ஏற்கவில்லை. "ஏம்மா வீணா அமுக்கறே, குணாவுக்குப் போடு"ம்பான். பழக்கம்டான்னுவேன். இதை மாத்த ஏதாவது வழி உண்டான்னு குணசீலனை ரெண்டு மூணு தடவை கேட்டேன். "அதைத் தினகரையே கேளுங்கம்மா"ன்னு பேச்சை மாத்திடும். அந்தத் தம்பிக்கு இதெல்லாம் அவ்வளவா தெரியாது.

அப்புறம் தினா வர்றது குறைஞ்சுது. அப்புறம் இல்லவே இல்ல. போன்ல மெசேஜ் போட்டா ஒரு கட்டைவிரல் வரும். நான் எழுதறது நாலு பக்கம் இருக்கும், வர்றது ஒரு கட்டைவிரல். எனக்குச் சோறு இறங்கலைம்மா. டேப்பைத் திறந்து வெச்சுக்கிட்டு அவன் பேரையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். ஆளு இல்லன்னா பேரு சாம்பல் கலர்ல இருக்கும், வந்தா வெள்ளையாகும்.

ஒருநாள் வெள்ளையாச்சு. ஓடினேன். கோட்டை வாசல்ல நிக்கறான். அதே வாளு, அதே நீலத் துண்டு. "சாப்பிட்டியாடா"ன்னு எழுதினேன். உடனே பதில் வந்துது, "சாப்டேன் ஆன்ட்டி, நீங்க?"ன்னு.

ஆன்ட்டியாம்.

யாருன்னு கேட்டேன். லோகநாதன்னு ஒருத்தன், ஓசூர்ல கம்பெனியில ஷிப்டு வேலை பாக்கறானாம். "தினகர் அண்ணன் இனிமே ஆட மாட்டேன்னு சொல்லிட்டு இந்த அக்கவுண்டை எனக்குச் சும்மாவே குடுத்துட்டாரு ஆன்ட்டி"ன்னான். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு. எம் பிள்ளை சட்டையைப் போட்டுக்கிட்டு எவனோ ஒருத்தன் என் வீட்டு வாசல்ல நிக்கற மாதிரி இருந்துது. திட்டிட்டேன். வாயில வந்ததெல்லாம் எழுதிட்டேன். அவன் கோவப்படலை.

தினா ஏன் விட்டான்னு நான் யோசிச்சுப் பாத்தேன். ராத்திரி பகலா யோசிச்சேன். வேற காரணமே இல்லம்மா, இந்த ரத்தவாள்தான். ருசியைக் கெடுத்துட்டாங்க. கூட்டமா ஆடின பிள்ளையை ஒத்தையில நிக்க வெச்சுட்டாங்க, மாத்தவும் வழி இல்ல, மனசு விட்டுப் போயி வெச்சுட்டுப் போயிட்டான். அதான் இன்னிக்குப் போறேன். மாத்திக்க ஒரு வழி மட்டும் வெச்சுடுங்கய்யான்னு கேப்பேன். அந்த ஒரு கதவைத் திறந்துவிட்டா போதும், எம் பிள்ளை வந்துடுவான். லோகநாதன்கிட்ட கெஞ்சியாவது அந்த வாளைத் திருப்பி வாங்கிக் குடுத்துடுவேன். அவன் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா உனக்கு? நான் செத்துப்போயிட்டா அந்தக் கட்டைவிரலை வெச்சு என்னம்மா பண்றது?

சரி, அழலை. பேசறது புரியுதா? மேடையில இப்படியே பேசலாமா? நடுவுல தீபாவளி கதையை விட்டுடறேன், அது தேவையில்ல.

இரு, அந்த "ஏற்கவில்லை" எப்படி இருக்கும்னு உனக்குக் காட்டறேன். கண்ணால பாத்தாத்தான் உனக்கும் வயிறு எரியும். விக்கிரவாண்டி தாண்டிட்டோம்ல, இங்க சிக்னல் நல்லா இருக்கும். பாரு, திறந்துடுச்சு. இதோ நான், வெள்ளைப் புடவை. இவன்தான் லோகநாதன், ஷிப்டு முடிஞ்சு வந்திருப்பான், எதையோ வெட்டிக்கிட்டிருக்கான். நான் தினமும் வருவேன். அவன்கூடப் பேச மாட்டேன். அவன் பின்னாடி நின்னு அமுக்கிட்டு, அந்தச் சிவப்பு எழுத்தைப் பாத்துட்டுப் போயிடுவேன். ஏன்னு கேக்காத, தெரியலை எனக்கு. இப்ப பாரு, அமுக்கறேன். அசையக் கூடாது. பஸ்ஸு குலுங்குது. இப்ப வரும் பாரு அவன் தலைக்கு மேல.

என்னம்மா இது?

பச்சை ஏறுது.

இரு, மறுபடி அமுக்கறேன். ஏறுதும்மா! நீ பாத்தே இல்ல? சரசரன்னு ஏறுது பாரு, நான் போட்டது ஏறுது! அய்யோ சாமி, கம்பெனிக்காரங்களே மாத்திட்டாங்களா? நான் போறதுக்கு முன்னாலயே? இரு, அவன்கிட்ட கேக்கறேன். இந்தக் குலுக்கல்ல எனக்கு எழுத வராது, நீயே எழுதும்மா. "எப்படி ஏறுது, புது அப்டேட்டா?"ன்னு எழுது.

என்ன சொல்றான்? எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியாது, நீ படி.

"இல்ல ஆன்ட்டி, நான்தான் பிரிவை மாத்திக்கிட்டேன். நீங்க தினமும் வந்து அமுக்கிட்டு ஒண்ணும் பேசாம போறீங்க, பாவமா இருந்துச்சு. கேமுல ஊர் மண்டபத்துல ஒரு குரு நிப்பாரு, அவர்கிட்டப் போய்ச் சொன்னா மாத்திக் குடுத்துடுவாரு. ஒரு நிமிஷம்கூட ஆகல."

இது எப்பலருந்து இருக்குன்னு கேளு. புதுசாத்தான் வந்திருக்கும், கேளு.

நல்லாப் படிச்சியா? மொதல்லருந்தேவா?

தினகருக்கு அது தெரியுமான்னு கேளு. வேண்டாம். கேக்காத. அழிச்சுடு, அனுப்பிடாத.

அவனுக்குத் தெரிஞ்சிருக்காது. மண்டபத்துப் பக்கம் எல்லாம் அவன் எங்க போவான். இல்ல, போவான். சாமான் வாங்க தினமும் அங்கதான் போவான், நானே அவன் பின்னாடி போயிருக்கேன். அந்தக் குருவை நானும் பாத்திருக்கேன், தாடி வெச்சுக்கிட்டு நிப்பாரு. என்கிட்ட மாத்த ஒண்ணுமில்லைன்னு நான் பேசினதில்ல.

ஒரு நிமிஷம்கூட ஆகலைங்கறான். யாரோ ஒரு பிள்ளை, யாரு பெத்ததோ. திட்டு வாங்கினவன்.

இல்லம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன். கையை விடு. நீ காதுல மாட்டிக்க, உன்னை ரொம்ப நேரம் படுத்திட்டேன்.

திண்டிவனம் வந்துடுச்சா? இறங்கலை, நான் ஏன் இறங்கணும். டிக்கெட் கிண்டி வரைக்கும் எடுத்திருக்கேன். போறேன். வரிசையில நின்னு மைக்கைப் பிடிக்கறேன். கேள்விதான் வேற கேக்கணும்.

அய்யா, அந்த மண்டபத்துக் குருவை எடுத்துடுங்கன்னு கேக்கப் போறேன். ரத்தவாளை எடுத்தவன் என்ன பண்ணினாலும் மாத்த முடியாதபடி செஞ்சுடுங்க, அப்படித்தான் இருக்கணும்னு சொல்லப் போறேன். ஏன்னு கேட்டா என்ன சொல்றது, நீ படிச்ச பொண்ணு, ஒரு காரணம் சொல்லிக் குடு. நான் போன் பண்ணினப்ப எடுத்து, மாத்த முடியாதும்மான்னு எவ்வளவு மெதுவாச் சொன்னான் தெரியுமா. எம் பிள்ளை என்கிட்ட சொன்னது நிஜமா இருக்கணும்மா.